அஞ்சாறு

ஆரம்பாக்கம் ஃபேன்சி ஸ்டோரில்
சிவப்பு நகப்பூச்சு பதினோரு புட்டி வாங்கினேன்.
கல்யாணமா என்றார் கடைக்காரர்.
நண்டுக்கு என்று சொல்லவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு முதுகுகள்,
தலைக்கொரு பொட்டு.
கொடுக்கைக் கட்டிப் பிடித்தது பெஞ்சலய்யா,
வைத்தது நான்,
கடித்தது நாற்பத்து மூன்றாவது.
இருக்கம் தீவின் தென்கரைச் சேற்றில்
கட்டை அவிழ்த்துவிட்டோம்.
ஏரி மூடிக்கொண்டது.

பத்து நாள் கழித்து
மஸ்தானம்மாவின் கொட்டகையில்
இருநூற்று எண்பது நண்டுகளைப் புரட்டினேன்.
பொட்டோடு வந்தவை ஏழு.

ஏழாம் வகுப்பு விகிதக் கணக்குதான்.
அதைப் பெருக்கி, இதை வகுத்து,
பன்னிரண்டாயிரத்து நானூற்று எண்பது.
மீதியே வரவில்லை.
அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்கலாம்.

விடையை ஆங்கில ‘என்’ என்று எழுதி
அதன் தலையில் சின்னக் கூரை ஒன்று போடுவோம்.
ஏரிக்குள் இருக்கும் எண் அல்ல,
இது என் எண்
என்று அதற்குப் பொருள்.

சூத்திரத்துக்கு நிபந்தனைகள் உண்டு.
யாரும் வரக்கூடாது, போகக்கூடாது.
(சினை நண்டு முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகும்.
தண்ணீரில் ஆந்திரா எங்கே தொடங்குகிறது என்று
அதற்கு யாரும் கம்பு நட்டுக் காட்டவில்லை.)
பொட்டு அழியக்கூடாது.
(வளரும்போது ஓட்டைக் கழற்றும்,
என் கையெழுத்தையும் சேர்த்து.)
எல்லாவற்றுக்கும் திருத்தக் காரணி வைத்திருந்தேன்.
பிளேடுக்கு வைக்கவில்லை.

தராசுக்குப் பின்னால், ஈரச் சாக்கின் அடியில்,
பாதி சவர பிளேடு.
சுற்றிலும் சிவப்புச் செதில்.

“சாயம் பட்டதை எக்ஸ்போர்ட்காரன் கழிச்சுடறான் மேடம்,
கிலோவுக்கு நூத்தம்பது போவுது.
நீ வர்றதுக்கு முன்னாடி
கையில பட்டதை மட்டும் சொரண்டினேன்.”

எத்தனை?

“அஞ்சாறு இருக்கும்.”

படகிலிருந்து பெஞ்சலய்யா தெலுங்கில் ஒத்துக்கொண்டார்:
ஐதாறு.

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
ஐந்தையும் ஆறையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள்.
பாடநூல் இதை நம்பிக்கை இடைவெளி என்னும்.
இங்கே இடைவெளியே இல்லை.

செதில்களைக் காகிதத்தில் கூட்டி எண்ணப் பார்த்தேன்.
ஒரு முதுகுக்கு எத்தனை செதில்?
காற்று பாதியைக் கொண்டுபோனது.

அஞ்சு என்றால்
ஏழாயிரத்து இருநூற்று எண்பது.
ஆறு என்றால்
ஆறாயிரத்து எழுநூற்று இருபது.
இரண்டிலும் மீதியில்லை, சனியன்.
ஒற்றைச் சொல்லில்
ஐயாயிரத்துச் சொச்சம் நண்டுகள்
ஏரியில் இல்லாமல் போயின.

மடிக்கணினியில் புது எண்ணைப் போட்டேன்.
நேற்றுவரை மேலேறித் தளமாகி நின்ற கோடு
நான்காம் வருடத்தில் தலை குனிந்து
எட்டாம் வருடம் தரையைத் தொட்டது.

மஸ்தானம்மா ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள்.
“இதுல எங்க வலை எங்க இருக்கு?”
காட்டினேன்.
ஓர் எழுத்து.
முன்னால் கழித்தல் குறி.

“நான் ஒருத்தி இவ்ளோ சின்னதா?”

எல்லாரும் சேர்ந்துதான் அவ்வளவு என்றேன்.
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு பிளேடைத் துடைத்துச் செருகியபடி,
“அடுத்த வாட்டி பச்சைல வாங்கிட்டு வா,
அவன் கண்ணுக்குத் தெரியாது.”

என் கண்ணுக்கும் தெரியாதே.

அதற்கு அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை,
சுண்ணாம்புக்குளம் கரை வரும்வரை.

படகு தட்டிய இடத்தில்
சேற்றில் ஒரு வெற்று ஓடு,
கால்கள்கூட அப்படியே.
முதுகில் பொட்டு, பூசிய அன்று போலப் பளபளப்பு.
எந்தக் கட்டத்தில் இதை எழுதுவது?
பிடிபட்டதிலா, செத்ததிலா?
இரண்டும் இல்லை.
அதற்குள் இருந்தது
பக்கத்தில் எங்கோ மெத்தென்று,
முன்பைவிடப் பெரிதாக,
பொட்டில்லாமல்.